கழுவி எழுதிய பேர்

எனக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே தீக்குச்சி உரசினால் இங்கே கேட்கும். ஒட்டுக்கேட்கிறவள் என்று என்னைச் சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். காதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டா நான் தையல் மெஷினில் உட்கார முடியும்? அந்த மழைக்காலத்தில் அங்கிருந்து கேட்ட சத்தங்களில் இன்றைக்கும் மறக்காதது தாழ்ப்பாள் சத்தம். அவன் தாழ்ப்பாளைப் போடுவான். போய் உட்காருவான். எழுந்து வந்து இழுத்துப் பார்ப்பான். இன்னொரு தடவை வந்து ஆட்டிப் பார்ப்பான். மூன்று தடவை ஆனால்தான் அவனுக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கும்.

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் சுவர் கழுவுகிற வேலை. இப்படி ஒரு வேலை இருப்பதே ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. மேம்பாலத் தூண், சுரங்கப்பாதை, ரயில்வே மதில் என்று வண்டிப் புகை ஏறிக் கறுத்த இடங்களையும், யாராவது பெயிண்டால் எழுதிவிட்டுப் போன இடங்களையும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். ஒரு லாரி, அதன் மேல் தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் பம்ப், பம்ப்பிலிருந்து மூன்று ஹோஸ். ஹோஸின் முனையில் விசை வைத்த இரும்புக் குழாய். அதை அவர்கள் ‘கன்’ என்பார்கள். ஆறு பேர் ஒரு கோஷ்டி. அவன் பம்ப் பார்க்கிறவன், அதனால் எல்லோருக்கும் பம்ப்காரன். அவள் கன் பிடிக்கிறவள். நான் அவர்களுக்கெல்லாம் மழைக்கோட்டும் சட்டையும் தைத்து, கிழிந்தால் ஒட்டுப்போட்டுக் கொடுப்பவள். நாங்கள் இருந்த மூன்று மாடியும் கம்பெனியுடையது. வேலை போனால் மூன்று நாளில் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று வாசலிலேயே பலகை எழுதி மாட்டியிருந்தார்கள். படி ஏறும்போதெல்லாம் அதைப் படிக்காமல் ஏற முடியாது.

பம்ப்காரன் பயந்த ஆள். நான் அவனைக் கேலி செய்யாத நாள் கிடையாது. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு கொஞ்சம் வாயைக் கட்டினேன். இங்கே வருவதற்கு முன் அவன் வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். பதினோரு மாதம் இரண்டு பேரும் பஸ் நிலையத்து பெஞ்சில் படுத்திருக்கிறார்கள். ஒருவர் தூங்கினால் ஒருவர் பையை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருக்க வேண்டும். ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல் வந்து ஐந்து நாள் அவன் கண்ணை மூடவே இல்லையாம். “கதவுக்குப் பின்னாடி தூங்குறது எப்படி இருக்கும்னே மறந்துபோச்சுக்கா” என்று என்னிடம் சொன்னான். அப்படிப்பட்டவன் தாழ்ப்பாளை மூன்று தடவை இழுத்துப் பார்த்தால் என்ன, முப்பது தடவை பார்த்தால் என்ன.

பேப்பரில் அந்தப் படம் வந்த அன்று அடைமழை. வேலைக்குப் போன கோஷ்டிகள் எல்லாம் மத்தியானமே திரும்பிவிட்டன. நடைவழி முழுக்க ஈரக் கோட்டுகள் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தன. கீழே இருக்கிற கண்ணாடிக்காரி பேப்பரோடு மேலே வந்தாள். பம்ப்காரனுடைய கோஷ்டியில் கண்ணாடி போட்டவள் அவள் ஒருத்திதான். கன் பிடிக்கும்போது கண்ணாடியில் சாரல் அடித்து ஒன்றும் தெரியாமல் நிற்பாள், மற்றவர்கள் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

“தையல்கார அக்கா, இதைப் பாருங்களேன்” என்று என் வெட்டு மேஜையில் பேப்பரை விரித்தாள்.

பெரிய சுரங்கப்பாதையின் சுவர். கன்னங்கரேல் என்று இருந்தது. அதன் நடுவில் ஆள் உயரத்துக்கு வெள்ளையாக ஒரே ஒரு சொல்: சுள்ளி. கடைசி எழுத்தின் மேல்சுழி அங்கேயே முடியாமல் பின்பக்கமாக நீண்டு, மூன்று எழுத்துக்கும் குடை பிடித்தது மாதிரி வளைந்து வந்து முதல் எழுத்தின் காலடியில் நின்றது. பெயிண்ட் இல்லை. அழுக்கைக் கழுவிக் கழுவியே எழுதியிருந்தது. இத்தனை வெள்ளையான சுவரையா இத்தனை நாள் கறுப்பு என்று நினைத்திருந்தோம் என்று படத்துக்குக் கீழே கேட்டிருந்தார்கள்.

“இது ஒன்பதாவது. தூண்ல ஏழு, மதில்ல ஒண்ணு, இப்ப இது” என்றாள் கண்ணாடிக்காரி. “எவ்வளவு அழகா இழுத்திருக்கு பாத்தீங்களா? நான் பஸ்ல போறப்ப ஒவ்வொண்ணா எண்ணுவேன்க்கா.”

“இதை எண்ணிக்கிட்டு இருக்காதே. கம்பெனில ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க” என்றேன்.

சிரிக்கவில்லைதான். நகராட்சி அலுவலகத்திலிருந்து கம்பெனிக்குத் திட்டு. பெயிண்டில் எழுதினால் அந்த எழுத்தை மட்டும் அழித்தால் போதும். இதை எப்படி அழிப்பது? சுத்தத்தை அழுக்காக்கவா முடியும்? முழுச் சுவரையும் கழுவினால்தான் சொல் மறையும். அன்று சாயங்காலமே மேலாளர் எங்கள் கட்டடத்துக்கு வந்துவிட்டார். படியில் அவருடைய பூட்ஸ் சத்தம் ஏறி வந்தபோது பக்கத்து அறையில் ஏதோ பாத்திரம் கைநழுவி விழுந்து உருண்டது.

அவர் நடைவழியில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினார். “இந்த மாதிரி மெல்லிசான கோடு கன் முனையில மாட்டுற ஊசி நாசில்ல மட்டும்தான் வரும். கம்பெனில ஊசி நாசில் இருக்கிறது ஒரே ஒரு லாரியில. சூயிங்கம் சுரண்டக் குடுத்த சாமான். ஆறு பேருக்குள்ள ஒருத்தர்தான். வெள்ளிக்கிழமைக்குள்ள தானா வந்து சொன்னா போலீஸ் இல்லாம வேலையோட போயிடும். சொல்லலன்னா நானே கண்டுபிடிப்பேன்.”

அவர் போன பிறகு தாழ்ப்பாள் சத்தத்தை எண்ணினேன். ஏழு.

மறுநாள் பம்ப்காரன் பெண்டாட்டி என் அறைக்கு வந்தாள். கையில் மழைக்கோட்டு. வலது கைமடிப்பு மட்டும் நைந்து நூல் பிரிந்திருந்தது. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான்கு வருஷமாக அவள் கோட்டைத் தைக்கிறேன். கன் பிடிக்கிறவர்களுக்குத் தோளில்தான் தேயும், ஹோஸ் அங்கேதான் கிடக்கும். மணிக்கட்டில் தேய வேண்டுமென்றால் கையைத் தலைக்கு மேல் தூக்கி, பின்பக்கமாக வளைத்து வளைத்து ஏதோ செய்திருக்க வேண்டும்.

“கதவைச் சாத்து” என்றேன்.

சாத்திவிட்டு அப்படியே அதில் சாய்ந்து நின்றாள்.

“நீயா?”

“ஆமாங்க்கா.”

“அடிப் பாவி. அவனுக்குத் தெரியுமா?”

“முதல் தூண்ல எழுதினதைப் பாத்த அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. சின்ன வயசுல என்னை வீட்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க, சுள்ளி சுள்ளின்னு. அவ்வளவு ஒல்லி. கல்யாணம் ஆன புதுசுல அவர்கிட்ட சொல்லியிருக்கேன். இங்க வேற யாருக்கும் தெரியாது. தூணைப் பாத்துட்டு வந்து பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்தாரு. ஒரு வார்த்தை பேசல. தாழ்ப்பாளைத்தான் போட்டாரு.”

“ஏண்டி இப்படிப் பண்ணே? உனக்கு என்ன குறைச்சல்?”

அவள் யோசித்தாள். பதிலை மறைக்கிறவள் மாதிரி இல்லை, இதுவரை தன்னையே கேட்டுக்கொள்ளாதவள் மாதிரி இருந்தாள்.

“நாலு வருஷமா அடுத்தவங்க எழுதினதை அழிக்கிறேன்க்கா. அழிச்சு அழிச்சு எல்லாரோட கையும் எனக்குப் பழகிப்போச்சு. ஒருத்தன் எழுத்துக்கு எல்லாம் கால் நீளமா வைப்பான். ஒருத்தன் பாதி எழுதுறப்பவே பயந்துடுவான், கடைசி எழுத்து ஓட்டமும் நடையுமா இருக்கும். ஒருத்தி இருக்கா, அவ பொண்ணுதான், எனக்குத் தெரியும், எழுத்துக்குள்ள சின்னதா ஜன்னல் வைப்பா. அழிக்கிறப்ப மனசு கேக்காது. ஆனா அழிச்சிடுவேன். ஒருநாள் தூண்ல சூயிங்கம் எடுத்துக்கிட்டு இருந்தேன். கை வழுக்கிடுச்சு. கறுப்புல வெள்ளையா ஒரு கோடு. பாத்தேன். நல்லா இருந்துச்சு. பக்கத்துல இன்னொரு கோடு போட்டேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். ஆரம்பம் அப்படித்தான். சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் லாரி நிழல்ல உக்காருவாங்க. பம்ப்பை அணைக்க மாட்டாங்க, அணைச்சா மறுபடி பிடிக்க அரை மணி ஆகும். கை கழுவிட்டு வரேன்னு உள்ள போவேன். முதல்ல எழுதினது கோணல் மாணலா இருந்துச்சு. விசையை அழுத்திப் புடிச்சிருந்தா கன் உதைக்கும்க்கா. என் கையை மேல தூக்கி பின்னாடி தள்ளும். அதோட மல்லுக்கு நின்னு நின்னு தோள்பட்டையே போச்சு. அப்புறம் ஒருநாள் அலுப்புல, போடா போன்னு விட்டுட்டேன். அது இஷ்டத்துக்கு என் கையை இழுத்துக்கிட்டுப் போச்சு. அந்தக் குடை நான் போட்டது இல்ல. கன்னு போட்டது. நான் கூடப் போனேன், அவ்வளவுதான்.”

சொல்லும்போதே அவள் கை காற்றில் வளைந்தது. எனக்குப் பயமும் வந்தது, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் இருந்தது. என் மேல் எனக்கே கோபம்.

“சரி, ஒண்ணோட நிறுத்தியிருக்கலாம்ல?”

“நிறுத்தத்தான் நினைச்சேன். ரெண்டாவது வாரம் பஸ்ல வந்துக்கிட்டு இருந்தேன். சிக்னல்ல நின்னுச்சு. முன் சீட்டுல ஒரு அம்மா, மடியில குழந்தை. ஜன்னல் வழியா தூணைக் காட்டி, சுள்ளின்னு படிச்சுச்சு. குழந்தையும் சுள்ளி, சுள்ளின்னுச்சு. எனக்கு உடம்பெல்லாம் என்னமோ பண்ணிடுச்சுக்கா. எங்கம்மா போனதுக்கு அப்புறம் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதே இல்ல. அந்த பஸ் நிலையத்துல பதினோரு மாசம் கிடந்தோமே, தெனம் ஆயிரம் பேர் எங்களைத் தாண்டிப் போனாங்க. ஒருத்தர் கண்ணுலயும் நாங்க படல. இப்ப முகம் தெரியாத குழந்தை என் பேரைச் சொல்லுது.”

நைந்த கைமடிப்பைக் கத்தரித்து எடுத்தேன். வேறு யாரும் பார்ப்பதற்கு முன்னால் புதுத் துணி வைத்துத் தைத்தேன். அந்த நிமிஷத்திலிருந்து நானும் அதில் சேர்ந்துகொண்டேன் என்பது தைத்து முடித்து நூலை அறுக்கும்போதுதான் உறைத்தது. நான் இருந்த அறையும் கம்பெனியுடையதுதானே.

வெள்ளிக்கிழமை வரை யாரும் போய்ச் சொல்லவில்லை. அன்று மேலாளர் சொல்லியனுப்பினார்: திங்கட்கிழமை கழுவாத தூண் ஒன்றில் எல்லோரும் ஊசி நாசிலால் அதே சொல்லை எழுதிக் காட்ட வேண்டும். கை எப்படியும் காட்டிக் கொடுத்துவிடும் என்று அவருக்கு நம்பிக்கை.

ஞாயிறு முழுக்க என் அறை பள்ளிக்கூடமானது. பம்ப்காரன்தான் அவளைத் தள்ளிக்கொண்டு வந்தான். “அக்கா, உங்ககிட்ட கறுப்புத் துணி இருக்கும்ல? சாக்குக்கட்டி இருக்கும்ல?” என்றான். நான் கோட்டுக்கு உள்ளே வைக்கிற கறுப்பு லைனிங் துணியை மேஜையில் விரித்தேன். துணி வெட்டுவதற்குக் குறி போடுகிற சாக்குக்கட்டியை அவள் கையில் கொடுத்தேன்.

“மோசமா எழுது” என்றான் அவன்.

எழுதினாள்.

“இது மோசமா? இது நல்லா இருக்கு.”

“கோணலாத்தானே எழுதியிருக்கேன்.”

“கோணலும் அழகா இருக்கு. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை எழுதுற மாதிரி எழுதுடி. சுழியை அங்கயே நிறுத்து. மேல போகாதே. போகாதேன்னு சொல்றேன்ல!”

“போகல. கை தானா போகுது.”

“கையைப் புடிச்சு நிறுத்து.”

“இடது கையால எழுதச் சொல்லு” என்றேன் நான்.

“விளங்கும். இடது கையில கன் புடிச்சா அடுத்த நிமிஷம் கண்டுபிடிச்சிடுவாங்க.”

அவன் சாக்குக்கட்டியைப் பிடுங்கித் தானே ஒன்று எழுதிக் காட்டினான். அவனுக்குப் படிப்பு அரைகுறை. எழுத்துகள் சண்டைக்கு வந்தவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்தன. நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. “இப்படித்தான். இதைப் பாத்து எழுது” என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். ரொட்டியும் அவித்த முட்டையும் வைத்தேன்; யாரும் தொடவில்லை. விளக்கு போடுகிற நேரத்துக்குள் அவள் புருஷன் எழுத்தைப் போலவே எழுதப் பழகிவிட்டாள். அவர்கள் போன பிறகு துணியை உதறினேன். சாக்குத் தூள் போகவே இல்லை. நல்ல துணி என்றும் பார்க்காமல் வாளியில் முக்கிக் கசக்கினேன்.

திங்கட்கிழமை நடந்ததை அன்று சாயங்காலம் அவள்தான் என்னிடம் சொன்னாள்.

பம்ப்காரனை மேலாளர் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார். “உனக்கு கன்னைத் தொடவே நடுக்கம். நீ பம்ப்பைப் பாரு” என்றாராம். மற்ற ஐந்து பேரும் வரிசையாக எழுத வேண்டும். ஆண்கள் மூன்று பேர் முதலில் எழுதினார்கள். நான்காவதாக அவள். கன்னை இறுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்து, கன் உதைத்த உதையைத் தோளில் வாங்கிக்கொண்டு சுழியை அங்கேயே நிறுத்தினாள். மேலாளர் பார்த்தார். தலையை ஆட்டினார். தள்ளி நிற்கச் சொன்னார். கால் தரையில் பாவாமல் லாரி வரைக்கும் வந்திருக்கிறாள். தப்பித்தோம் என்று புருஷனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, தூணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியாகக் கண்ணாடிக்காரி. கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு எழுதினாள். சு. ள். ளி. சுழியை மேலே தூக்கினாள், பின்னால் இழுத்தாள், மூன்று எழுத்துக்கும் மேலாகக் கொண்டுவந்து முதல் எழுத்தின் காலில் விட்டாள்.

“இப்படி ஏம்மா எழுதினே?” என்று கேட்டிருக்கிறார்.

“இதானே சார் அந்தச் சொல்லு? நான் தெனம் பாக்குறேனே. அப்படித்தானே இருக்கும்?” என்றாளாம் அவள். வேறு மாதிரி எழுத வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. குற்றம் செய்யாதவளுக்கு மறைத்து எழுத என்ன இருக்கிறது? கன்னை வாங்கிக்கொண்டு அவளை அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். புதன்கிழமைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் போலீஸ்.

கண்ணாடிக்காரிக்கு அம்மா உண்டு. நான்கு கால் வைத்த நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த அம்மாவால் நகர முடியும். அதனால்தான் கெஞ்சிக் கூத்தாடிக் கீழ்த்தளத்தில் அறை வாங்கியிருந்தாள். செவ்வாய்க்கிழமை நான் தண்ணீர் பிடிக்க இறங்கியபோது மூட்டைகள் வாசலுக்கு வந்துவிட்டன. அம்மா மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். “அக்கா, நீங்களாவது சொல்லுங்க, நான் அப்படிப் பண்ணுவேனா?” என்றாள் கண்ணாடிக்காரி. குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். என் ஆயுசில் நான் இவ்வளவு கேவலமாகப் படி ஏறியது கிடையாது.

அன்று சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நடந்தது. அடக்கி அடக்கிப் பேசினார்கள். எனக்கு எல்லாம் கேட்டது.

“நான் போய்ச் சொல்லிடுறேன்.”

“சொல்லக் கூடாது.”

“கண்ணாடிக்காரம்மா எங்க போவாங்க? அந்தக் கிழவியைத் தூக்கிக்கிட்டு பெஞ்சுல படுப்பாங்களா?”

“நாம எங்க போறது? சொல்லு. மறுபடி அங்கயா? உனக்குக் காய்ச்சல் வந்தப்ப நான் என்ன பண்ணேன்னு தெரியுமா? நீ மூச்சு விடுறியான்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை மூக்குல விரல் வச்சுப் பாத்தேன். என்னால இன்னொரு தடவை முடியாது. எனக்குப் பயமா இருக்குடி. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், பயமா இருக்கு.”

பாய் விரிக்கிற சத்தம் கேட்டது, பிறகு மறுபடி அவன் குரல்தான்.

“சத்தியம் பண்ணு. வாயைத் திறக்க மாட்டேன்னு. கன்னால இனிமே ஒரு எழுத்தும் எழுத மாட்டேன்னு.”

“சரி.”

“சத்தியம்னு சொல்லு.”

“சத்தியம்.”

அன்றைக்குத் தாழ்ப்பாளை ஒரே தடவைதான் போட்டான். எழுந்து வந்து இழுத்துப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் பயத்தைக் கிளப்பியது. ஆள் உள்ளே இருக்கிறானா, ஏதாவது செய்துகொண்டானா என்று சுவரில் காதை வைத்துக் கேட்டேன். மூச்சுச் சத்தம் கேட்டது. அது தூங்குகிறவன் மூச்சு இல்லை.

புதன்கிழமை மழை விட்டிருந்தது. தைத்து முடித்த கோட்டுகளை எடுத்துக்கொண்டு மத்தியானம் சுரங்கப்பாதைக்குப் போனேன். வழக்கமாகச் சாயங்காலம் அவர்களே வந்து வாங்கிக்கொள்வார்கள். அன்று வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கீழே வாசலில் நடைச்சட்டத்தை மூட்டையோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள் கண்ணாடிக்காரி. அதைப் பார்த்துக்கொண்டு எப்படி மெஷின் மிதிப்பது?

சுரங்கப்பாதையில் ஒரு தடத்தை அடைத்து வைத்து வேலை நடந்தது. பேப்பரில் வந்த சுவரைப் பாதி கழுவியிருந்தார்கள். மீதி இன்னும் கறுப்பு. பாதையின் வாய்ப்பக்கத்தில் லாரி நிழலில் கோஷ்டி சாப்பிட உட்கார்ந்திருந்தது. மேலாளரும் இருந்தார், மடக்கு நாற்காலியில். அவள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள். பம்ப்காரனைக் காணவில்லை.

திடீரென்று பம்ப்பின் சத்தம் மாறியது. சும்மா உறுமிக்கொண்டிருந்தது பல்லைக் கடித்தது மாதிரி ஏறியது. யாரோ கன்னின் விசையை அழுத்துகிறார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

அவன்தான். கறுப்புச் சுவருக்கு முன்னால், பட்டப்பகலில், கோட்டுகூடப் போடாமல், நனைந்த சட்டையோடு நின்றான். கன்னைப் பாம்பைப் பிடிப்பது மாதிரி உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தான். சு என்று எழுதியிருந்தான். எழுதி முடிப்பதற்குள் தண்ணீர் அவன் முகத்திலேயே அடித்தது. ள் எழுதினான். மேலே புள்ளி வைக்க விசையை அழுத்தியவன் விடத் தெரியாமல் நின்றான். புள்ளி ஒரு சட்டி அளவு ஆகிவிட்டது. போகிற வண்டிகள் ஹாரன் அடித்தன.

“பாருங்க சார்!” என்று கத்தினான். குரல் கிரீச்சிட்டது. “அந்தம்மாவை அனுப்பிட்டீங்க. இப்ப யாரு எழுதுறது, பாருங்க! நான்தான். எல்லாம் நான்தான்!”

மேலாளர் ஓடவில்லை. எழுந்து, கால்சட்டையைத் தட்டிவிட்டு நடந்து போனார். நானும் பின்னாலேயே போனேன்.

கடைசி எழுத்தின் சுழி அவனுக்கு மேலே ஏறவில்லை. கன் உதைக்க உதைக்க அவன் அதை முன்பக்கமாகத் தள்ளினான். சுழி முன்னால் சாய்ந்து தரையைப் பார்த்து விழுந்தது.

மேலாளர் அதைப் பார்த்தார். “யோவ், இது அந்தக் கை இல்லய்யா” என்றார். கோபம்கூட இல்லை. “உனக்கு அந்தம்மா மேல இரக்கம். சரி. ஆனா இதை வச்சு என்னை ஏமாத்த முடியாது. அந்த எழுத்து ஒருத்தர் கையில ஊறின எழுத்து. நீ போய் பம்ப்பைப் பாரு. இன்னிக்குச் சம்பளம் கிடையாது.”

“நான்தான் சார். சத்தியமா நான்தான் சார்.” அவன் அழுதுவிட்டான். மறுபடி விசையை அழுத்தினான். மறுபடி சுழி முன்னால் விழுந்தது. இன்னொரு தடவை. அதுவும் விழுந்தது. அத்தனை பயத்தையும் திரட்டிக்கொண்டு வந்து நின்றவனை அவனுடைய கையே காலை வாரிவிட்டது.

அவள் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. அவள் புருஷனைப் பார்க்கவில்லை, மேலாளரைப் பார்க்கவில்லை, அந்தச் சுழியைத்தான் பார்த்தாள். முகம் சுளித்தாள். நேற்று செய்த சத்தியம் அந்த நிமிஷத்தில் அவளுக்கு நினைவில் இருந்திருக்காது என்று அடித்துச் சொல்வேன்.

“கையை விறைச்சுக்காதீங்க” என்றாள்.

அவன் திரும்பினான். “போ. நீ அங்க போ” என்றான். பல் கிட்டித்தது.

“விறைச்சா அது முன்னாடிதான் போகும். இங்க குடுங்க.”

“வேணாம்டி. போயிடுடி.”

அவள் கன்னை அவனிடமிருந்து பிடுங்கவில்லை. அவன் கைக்கு மேல் தன் கையை வைத்தாள். “அழுத்துங்க” என்றாள். “இப்ப உதைக்கும். உதைக்கட்டும். அது போற இடத்துக்குக் கூடப் போங்க.”

தண்ணீர் பீறிட்டது. அவன் எழுதிக் கெடுத்த இடத்திலிருந்து சுழி புறப்பட்டது. மேலே ஏறியது. நான்கு கையும் தலைக்கு மேல் போயின. அப்படியே பின்னால் வளைந்து, சட்டிப் புள்ளியைத் தாண்டி, அவனுடைய கோணல் சு-வையும் தாண்டி, அதன் காலடியில் மெதுவாக வந்து நின்றது. கரிய தண்ணீர் சுவரில் வழிந்து எங்கள் செருப்பைச் சுற்றி ஓடியது. ஹாரன் அடித்துக்கொண்டிருந்த வண்டிக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

மேலாளர் சுவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“நீயா?”

“நான்தான் சார். அவருக்கு எழுத வராது.”

“திங்கட்கிழமை?”

“திங்கட்கிழமை அவர் எழுத்தை எழுதினேன் சார்.”

அவர் என் பக்கம் திரும்பி, “நீங்க கட்டடத்துக்குத்தானே போறீங்க? அந்தக் கண்ணாடி போட்ட அம்மாகிட்ட மூட்டையைப் பிரிக்கச் சொல்லுங்க. நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லுங்க” என்றார். பிறகு அவர்கள் இருவரிடமும், “மூணு நாள். ரெண்டு பேரும். போலீஸுக்குப் போகணுமான்னு கம்பெனிதான் சொல்லணும், என் கையில இல்ல” என்று சொல்லிவிட்டு நாற்காலியை மடக்கினார்.

சொல்ல வேண்டிய நல்ல செய்தி கையில் இருந்தும் அந்த இடத்தை விட்டு நகர முடியாமல் கோட்டு மூட்டையை அணைத்துக்கொண்டு நின்றேன். பம்ப்காரன் லாரிச் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். உடம்பு வெடவெடவென்று ஆடியது. குளிர் பாதி, பயம் பாதி.

“எங்கடி படுக்கிறது?” என்றான்.

“மூணு நாள் இருக்குல்ல.”

“அதுக்கப்புறம்?”

“தெரியல. முதல்ல சாப்பிடுங்க. நேத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க.”

டப்பாவை அவன் மடியில் வைத்தாள். அவன் ரொட்டியை எடுக்கப் பார்த்தான். கன் பிடித்த கை மரத்துப்போய் விரல்கள் மடங்கவில்லை. ரொட்டி இரண்டு தடவை நழுவி விழுந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கோஷ்டி மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்து அவன் வாயில் கொடுத்தாள். அவன் நடுங்கிக்கொண்டே மென்று விழுங்கினான்.